அனுப்பாத பாடம்

மல்லசமுத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் நான் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியர் ஒருவர், நான் ஒருத்தி. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு அறைகள். ஒன்றும் இரண்டும் அவர் பக்கம். மீதி மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் மூன்று திசை பார்த்து உட்கார்ந்திருக்கும், நடுவில் நான் நிற்பேன். பிள்ளைகளில் பாதிப் பேருடைய அப்பாக்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு போர் லாரிகளில் ஏறிப் போய், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று எங்கேயாவது பூமியில் குழி இறக்கிக்கொண்டிருப்பார்கள். அம்மாக்கள் தறிக்கோ மரவள்ளிக் குச்சிக்கிழங்கு மில்லுக்கோ போய்விடுவார்கள்.

அந்த வருடம் பள்ளி திறந்ததும் லாரி முதலாளி ஒருவர் தன் தாயாரின் நினைவாக எங்களுக்கு எட்டு டேப்புகள், அதாவது தொடுதிரை டேப்லெட்டுகள், வாங்கிக் கொடுத்தார். சால்வை, மாலை, போட்டோ எல்லாம் முடிந்து அவருடைய கார் கிளம்பிய பிறகுதான் யோசித்தோம், இதையெல்லாம் எங்கே சார்ஜ் போடுவது என்று. பள்ளியில் இருந்தது ஒரே ஒரு பிளக். அதிலும் மத்தியானத்துக்கு மேல் கரண்ட் நம்ப முடியாது. கடைசியில் நானே தினமும் எட்டையும் பழைய பருத்திப் புடவைத் துணியில் சுற்றி, வயர் கூடையில் வைத்து, ஸ்கூட்டியில் வீட்டுக்கு எடுத்துப் போய் சார்ஜ் போட்டுக் காலையில் கொண்டுவர ஆரம்பித்தேன். வழியில் களை வெட்டும் பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "என்னங்க டீச்சர், தெனமும் கூடையில பலகாரமுங்களா?" என்பார்கள்.

வகுப்பறைக்குள் நெட் எடுக்காது. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மேடை இருக்கிறதே, அதன் மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு தெரியும். அதனால் டேப்பில் இருந்த பாடங்களில் பெரும்பாலானவை ஓடவில்லை. நெட் இல்லாமல் ஓடியது ஒன்றுதான். திரையில் ஒரு வரி வரும். பிள்ளை அதைப் படிக்க வேண்டும். டேப் அதைப் பதிந்துகொண்டு திரும்பப் போட்டுக் காட்டும். எனக்கு அது போதும் என்று இருந்தது. மூன்று வகுப்பை ஒரே நேரத்தில் வைத்திருக்கிற ஒருத்திக்கு, பிள்ளை படிப்பதைக் கேட்க இன்னொரு காது கிடைத்த மாதிரி.

நான் சொல்ல வந்தது ஒரு பெண் குழந்தையைப் பற்றி. நாலாம் வகுப்பு. எழுத்துக் கூட்டத்தான் தெரியும் அவளுக்கு. எழுப்பி விட்டால் நிற்பாள், புத்தகத்தை விரித்துப் பிடிப்பாள், குரல் மட்டும் வராது. ஒருமுறை 'வீடு' என்பதை 'ஊடு' என்று படித்துவிட்டாள். பேசும்போது எல்லாரும் ஊடு என்றுதான் சொல்கிறார்கள்; ஆனாலும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் என் முன்னால் வாய் திறந்து படித்ததே இல்லை.

டேப் வந்த இரண்டாவது வாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். யாரும் இல்லாத இடமாகப் பார்த்துப் போயிருக்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஓடி வந்தாள்.

"டீச்சர், இது நானுங்களா?"

டேப்பைக் காதில் வைத்துக் கேட்டேன். மெல்லிய குரல், மூக்கடைத்த மாதிரி, ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று. ஆனால் முழுதாக நாலு வரி படித்திருந்தாள்.

"நீதான் சாமி. வேற யாரு?"

அவள் டேப்பை வாங்கி இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். பிறகு கேட்டாள்: "இத எங்கப்பாவுக்கு அனுப்ப முடியுங்களா?"

அவளுடைய அப்பா போர் லாரியில் போயிருந்தார். அப்போது எங்கே இருந்தார் என்று அவளுக்கும் தெரியவில்லை. டேப்பில் சிம் கிடையாது. அந்தப் பதிவை என் போனுக்கு மாற்றி, அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மா எழுதிக் கொடுத்திருந்த அவருடைய நம்பருக்கு, தொட்டி மேடையில் நின்று அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. அவருக்கு எழுத வராது, பேசியே அனுப்பியிருந்தார். பின்னால் கம்ப்ரசர் இரைச்சல்.

"வணக்கமுங்க டீச்சர். பாப்பா படிச்சதக் கேட்டனுங்க. வண்டியில எல்லாத்துக்கும் போட்டுக் காட்டுனனுங்க. எம்புள்ளதான்னு சொன்னா ஒருத்தனும் நம்பலீங்க. கண்ணு, நல்லாப் படிச்ச சாமி. இன்னும் கொஞ்சம் சத்தமாப் படி, இங்க வண்டிச் சத்தத்துல கேக்க மாட்டீங்குது."

அதை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். 'இன்னும் கொஞ்சம் சத்தமாப் படி' என்று நான் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன மறுநாளிலிருந்து சத்தமாகப் படித்தாள்.

அப்படித்தான் அது வழக்கமாகிப் போனது. வாரம் முழுக்க ஒரு பாடத்தைப் படித்துப் பழகுவாள். வெள்ளிக்கிழமை பதிவு செய்வாள். மாலை மணி அடித்ததும் நான் மேடையில் ஏறி அனுப்புவேன். சனி, ஞாயிறில் பதில் வந்துவிடும். திங்கள் காலையில் பிரேயருக்கு முன்னாலேயே என் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். எனக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. சொல்லப் போனால் பெருமையாக இருந்தது.

ஆடியில் வடக்கே மழை பிடித்துக்கொண்டால் லாரிகள் ஊர் திரும்பும். அவளுடைய அப்பாவும் வந்தார். செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டு வகுப்பறை வாசலில் நின்றார். கறுத்து ஒல்லியான ஆள், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும்.

"உள்ள வாங்க," என்றேன்.

"பரவால்லீங்க டீச்சர். நானு இந்த ரூம்புலதானுங்க படிச்சேன். மூணாவதோட நின்னுட்டனுங்க."

"ஏனுங்க?"

"அப்ப யாரு கேட்டாங்க, படிக்கறியா நிக்கறியான்னு. நின்னாச்சு."

மகள் ஓடிப் போய் டேப்பை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தாள். எங்கே தொட வேண்டும் என்று காட்டினாள். அவர் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தித் தொட்டார். வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டார். பைப்பும் ஸ்பேனரும் பிடித்துப் பிடித்து அவருடைய விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. டேப்புக்கு அது விரல் என்றே தெரியவில்லை.

"என்னைய வேண்டாங்குது டீச்சர்," என்று சிரித்தார்.

"இருங்கப்பா," என்று அவள் தானே தொட்டாள். பாடம் திறந்தது. அவர் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவள் அவர் தொடையில் சாய்ந்து நின்று வரி வரியாகப் படித்தாள். அவர் திரையைப் பார்க்கவில்லை, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வகுப்பும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது என்னிடம், "பொங்கலுக்கு வர முடியுதோ என்னமோங்க. சித்திரைக்குக் கட்டாயம் வாரேன். அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை மட்டும் உட்ராதீங்க டீச்சர்," என்றார்.

பொங்கலுக்கு அவரால் வர முடியவில்லை. அதற்குள் எங்கள் பள்ளியிலும் நிலைமை மாறியிருந்தது. தலைமையாசிரியர் முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு நீண்ட விடுப்பில் போயிருந்தார். மாற்று ஆள் வருவார் வருவார் என்று சொன்னார்கள், வரவில்லை. ஐந்து வகுப்பும் என் தலையில். போதாததற்கு வருகை, சத்துணவு, தேர்வு மதிப்பெண் எல்லாவற்றையும் அன்றன்றே இணையத்தில் ஏற்ற வேண்டும். எட்டு டேப்பில் மூன்று ஏற்கெனவே கெட்டுவிட்டன. ஒன்றின் பேட்டரி உப்பி, மூடி பிளந்து நின்றது. மீதி ஐந்தில் இரண்டை, என் போன் நெட்டில் இணைத்துப் பதிவேற்றும் வேலைக்காகவே நான் எடுத்து வைத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு என்று வந்ததை வைத்துத்தான் பிள்ளைகளின் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. எல்லா வகுப்பு மதிப்பெண்களையும் மாலை ஐந்து மணிக்குள் ஏற்றியாக வேண்டும் என்று செய்தி வந்திருந்தது. மத்தியானத்திலிருந்து நான் தொட்டி மேடையில்தான் நின்றேன். கோடு வரும், போகும். பாதி ஏறி நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து. வெயிலில் திரை தெரியாமல் முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு நின்றேன். கீழே அவள் வந்து நின்றாள், கையில் டேப்.

"டீச்சர், இந்த வாரம் ரொம்பப் பெருசுங்க. நானே யோசிச்சுப் பேசுனேன்."

"சரி சாமி, கூடையில வெச்சிரு. அனுப்பிடறேன்."

"மறந்துராதீங்க."

"மறக்க மாட்டேன், போ."

மதிப்பெண் ஏறி முடிந்தபோது ஐந்தரை. தலை வலித்தது. கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சனிக்கிழமை சேலம் அஸ்தம்பட்டியில் என் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஞாயிறு அங்கேயே தங்கிவிட்டுத் திரும்பினோம். ஐந்து டேப்பையும் சார்ஜ் போட்டு எடுத்த ஞாபகம் இருக்கிறது, கெட்டுப்போன மூன்றைக்கூடப் பழக்கத்தில் துணி சுற்றி வைத்தேன். அந்தப் பதிவு ஞாபகம் வரவில்லை.

திங்கள்கிழமை காலை ஸ்கூட்டியை நிறுத்தும்போது அவள் நின்றிருந்தாள்.

"அப்பா ஏதாச்சும் பேசி அனுப்புனாருங்களா?"

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. "இன்னும் இல்ல சாமி," என்றேன்.

"நீங்க அனுப்பிட்டீங்கல்ல?"

"ம், அனுப்பிட்டேன்."

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கு வரை யோசிக்கிறேன். மறந்துட்டேன் என்று சொல்லியிருந்தால் அவள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். மத்தியானம் அனுப்பிவிட்டால் சரியாகிவிடப் போகிறது, இப்போது எதற்கு அந்த முகத்தை வாட வைப்பது என்று நினைத்தேன். மத்தியானம் சத்துணவில் முட்டை குறைந்து ஒரு தகராறு. அதற்குப் பிறகு ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றுக்குக் காய்ச்சல். மாலையில் கரண்டும் இல்லை, கோடும் இல்லை. நாளைக்கு என்று இருந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். அவளுடைய பெரியப்பா பைக்கில் வந்து இறங்கினார். வகுப்பறைக்குள் வராமல் என்னை வெளியே கூப்பிட்டார்.

"புள்ளைய அனுப்பி வெய்யுங்க டீச்சர். அவங்கப்பன் போயிட்டானுங்க."

வண்டியின் இரும்புக் கோபுரத்தை நிமிர்த்தும்போது மேலே போன மின்கம்பியில் பட்டுவிட்டது. காலை ஆறு மணிக்கு. அவர் கீழே பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். இதைப் பெரியப்பா இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் உள்ளே போய் அவளுடைய பையை எடுத்துக் கையில் கொடுத்தேன். "பெரியப்பா வந்திருக்காரு சாமி," என்றேன். எதற்கு என்று கேட்காமல் போனாள். பைக்கில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்றைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, நாலரை மணிக்கு வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டேன். பதினொரு நிமிடம் இருந்தது.

"அப்பா, நீங்க மூணாவதோட நின்னுட்டீங்கல்ல? அதனால நானு உங்களுக்கு நாலாவது நடத்தறேன். நான் சொல்லுவேன், நீங்க பின்னாடியே சொல்லோணும். செரிங்களா? பாடம் ஒண்ணு. காட்டுக்குள் ஒரு குளம் இருந்தது. ம், சொல்லுங்கப்பா."

பிறகு ஒன்றும் இல்லை. தூரத்தில் பாத்திரம் கழுவும் சத்தம். அவர் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருக்கிறாள். "நல்லாச் சொன்னீங்கப்பா. அடுத்தது. அந்தக் குளத்தில் தாமரை பூத்திருந்தது. சொல்லுங்க."

மறுபடியும் அந்த இடைவெளி. பதினொரு நிமிடமும் அப்படித்தான். ஓர் இடத்தில், "இது கொஞ்சம் கஷ்டமுங்க, மெதுவாச் சொல்றேன்," என்று ஒரு வரியை மூன்றாகப் பிரித்துச் சொன்னாள். ஓர் இடத்தில் தானே சிரித்து, "வீடு, அப்பா. ஊடு இல்லீங்க," என்றாள். என் குரலில் நான் சொல்கிற மாதிரியே, "எங்க, எல்லாரும் ஒருதரம்," என்றுகூட ஓர் இடத்தில் வந்தது. நான் கதவைச் சாத்தியதை நினைத்து ஆறுதல் அடைந்தேன், யாரும் பார்க்கவில்லை.

உடல் ஊர் வந்து சேர வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது நான் பந்தலில் இருந்தேன். எல்லாம் முடிந்து பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போனேன். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சனிக்கெழமையானா போன் போட்டு, டீச்சர் இன்னும் அனுப்பலையான்னு என்னையத்தான் கேப்பாருங்க. போன சனிக்கெழமையும் கேட்டாரு. எனக்கென்ன தெரியும்னு வெச்சுட்டனுங்க," என்று அழுதாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை, தன்னைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். என் கை அவள் கைக்குள் அப்படியே இருந்தது.

குழந்தை பக்கத்தில் வந்து நின்றாள். யாரோ எண்ணெய் வைத்துத் தலையை இறுக்கிப் பின்னி விட்டிருந்தார்கள்.

"டீச்சர், அப்பா அதக் கேட்டிருப்பாருங்களா?"

"கேட்டிருப்பாரு சாமி," என்றேன்.

காரியம் முடிந்து மூன்றாவது வாரம் பள்ளிக்கு வந்தாள். முன்பு மாதிரியே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். கேட்டால் பதில் சொன்னாள். இன்னும் பத்து நாள் போயிருக்கும். கூட வேலை பார்த்த ஒருவர் ஊருக்கு வரும்போது அவளுடைய அப்பாவின் பையைக் கொண்டுவந்து வீட்டில் கொடுத்திருக்கிறார். இரண்டு சட்டை, ஒரு போர்வை, போன். போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நேரத்தில் அது லாரி கேபினில் இருந்திருக்கிறது.

மறுநாள் அவள் போனைப் பாவாடைக்குள் மறைத்து எடுத்து வந்தாள். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து அதை வைத்தாள். நான் அனுப்பியவை எல்லாம் வரிசையாக இருந்தன. முதல் பதிவிலிருந்து ஒன்றுகூட அவர் அழிக்கவில்லை.

"முந்துன வாரம் வரைக்கும் இருக்குதுங்க டீச்சர். நானு பாடம் நடத்துனது மட்டும் இல்லீங்க."

நான் கடைசிப் பதிவின் தேதியைப் பார்த்தேன்.

"நெட்டு எடுக்கலீங்களா டீச்சர்? அன்னிக்கு நீங்க ரொம்ப நேரம் மேடை மேலயே நின்னீங்க, நான் பாத்தேன்."

அவளே எனக்கு ஒரு வழி காட்டிவிட்டாள். ஆமா சாமி என்றால் போதும். நெட்டின் மேல் போட்டுவிடலாம், அவளும் அதை நம்பத் தயாராகத்தான் நின்றாள். இரண்டு பொய்யைச் சொல்லியாகிவிட்டது, மூன்றாவது வாய் வரைக்கும் வந்தது.

"இல்ல கண்ணு. நான் அனுப்ப மறந்துட்டேன். அனுப்பிட்டேன்னு உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. கோபப்படவும் இல்லை. "செரிங்க டீச்சர்," என்றாள். போனை எடுத்துப் பாவாடையில் துடைத்துவிட்டுப் போய்த் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு வரிசையில் நின்றாள்.

அதன் பிறகு அவள் டேப்பைத் தொடவில்லை. மற்ற பிள்ளைகள் முறை வைத்து எடுக்கும்போது அவளுடைய முறையைப் பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுத்துவிடுவாள். எழுப்பினால் புத்தகத்தைப் பார்த்துத் தடங்கல் இல்லாமல் படிப்பாள். வகுப்பிலேயே நன்றாகப் படிப்பது அவள்தான். ஆனால் யாருக்கும் படிக்கிற மாதிரி இருக்காது. நான் எத்தனையோ தடவை பேச முயன்றேன். கூப்பிட்டு வைத்துக்கொண்டு கடைசியில் நோட்டை மட்டும் திருத்திக் கொடுத்து அனுப்பினேன். மன்னிப்பு என்று ஒரு குழந்தையிடம் எப்படிக் கேட்பது என்று எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

தேர்வு முடிந்ததும் அவளுடைய அம்மா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். ஆத்தூர் பக்கம் தன் பிறந்த வீட்டுக்கே போய்விடப் போவதாகச் சொன்னாள். குழந்தையும் கூட வந்திருந்தாள். நான் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பதிவு பத்திரமாக இருக்கிறது, உங்கள் போனில் ஏற்றித் தருகிறேன் என்றேன். அம்மா மகளைப் பார்த்தாள்.

அவள் தலையை ஆட்டினாள். "வேண்டாங்க டீச்சர். அது அப்பாவுக்குப் பேசுனதுங்க."

அம்மா சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தாள். "வாரனுங்க டீச்சர்," என்றாள். இருவரும் வெயிலில் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்து போனார்கள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

அடுத்த ஆண்டு எங்களுடையது போன்ற சிறிய பள்ளிகளின் ஆசிரியர்களுக்குச் சேலத்தில் ஒரு பயிற்சி வைத்தார்கள். டேப் வைத்துப் பாடம் நடத்துவது பற்றித்தான். குளிர்சாதன அறை, பெரிய திரை. பயிற்சி கொடுக்க வந்த பெண், சின்ன வயதுப் பெண், நல்ல பெண், என் பள்ளியில் டேப் இருப்பதைத் தெரிந்துகொண்டு மைக்கை என்னிடம் நீட்டினாள்.

"உங்க அனுபவம் ஒண்ணு சொல்லுங்க மேடம். ஏதாவது ஒரு குழந்தையைப் பத்தி."

எழுந்து நின்றேன். எழுத்துக் கூட்ட மட்டுமே தெரிந்த ஒரு நாலாம் வகுப்புக் குழந்தை, டேப்பில் தன் குரலைத் தானே கேட்டுக் கேட்டு எட்டு மாதத்தில் சரளமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஆசிரியை சாய்ந்து, "அந்தப் பாப்பா இப்ப எங்க படிக்குதுங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.